மணலில் நிறுத்தக் கூடாது

கடற்கரை மணலில் ஜீப் ஓட்ட வேண்டுமானால் முதல் வேலை டயரில் காற்றை இறக்குவது. இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். காற்றைக் குறைத்தால் வண்டி எப்படி ஓடும் என்று கேட்கிறார்கள். தார்ச்சாலையில் இருபத்தெட்டு பவுண்டு காற்று வைக்கும் டயருக்கு மணலில் பன்னிரண்டு போதும். டயர் சப்பையாகி அகலமாக உட்காரும். எடை பரந்த இடத்தில் விழுவதால் மணல் தாங்கிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்புப் பௌதிகம்தான். இருபது வருடமாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவருவது.

இன்ஸ்பெக்டர், உங்கள் எழுத்தர் மெதுவாகவே எழுதட்டும், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. டயர் என்பதை அவர் 'டைர்' என்று எழுதியிருக்கிறார். அதை மட்டும் திருத்திவிடச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடப்போகிறவன் நான்.

என் பெயர் நாகேஸ்வரன். குடவாசல் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர். அப்பா காலத்தில் எங்களுக்கு ஒன்பது வேலி நஞ்சை இருந்தது. உச்சவரம்புச் சட்டத்தில் பாதி போயிற்று, குத்தகைப் பதிவுச் சட்டத்தில் மீதி போயிற்று, அந்தக் கவலையிலேயே அப்பாவும் போனார். அரசாங்கத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. உழுகிறவனுக்கு நிலம் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் என்று ஊரில் எங்களைப் பற்றிச் சொல்வார்கள். அந்தக் குதிரை மட்டத்துக்கு மிஞ்சியிருந்தது கடலோரத்தில் கீழக்குப்பத்தில் இருக்கும் பதினோரு ஏக்கர் சவுக்குத் தோப்பு மட்டும். அதுவும் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

காளியம்மாளை உங்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும். எனக்கும் அவளைப் பதினான்கு வருடமாகத் தெரியும். கீழக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். புருஷன் காயாரோகணம் கட்டுமரத்தில் போகிறவன். தோப்பு வைத்தபோது அப்பா அவளிடம்தான் கன்றுகளை ஒப்படைத்தார். மணலில் நட்ட சவுக்கு தானாக வராது. இரண்டு வருடம் குடத்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும். மரம் வெட்டும்போது மூன்றில் ஒரு பங்கு உனக்கு என்று அப்பா வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தார். எழுத்தில் எதுவும் கிடையாது. மூன்று முறை நட்டு, இரண்டு முறை வெட்டியாயிற்று. தண்ணீர் முழுவதும் அவள் ஊற்றியதுதான். இதை எந்த இடத்திலும் நான் மறுக்க மாட்டேன். அதாவது, வாயால் மறுக்க மாட்டேன். பதில் மனுவில் வக்கீல் எழுதியது வேறு.

போன வருடம் அவள் தன்னைத் தோப்பின் குத்தகைதாரராகப் பதிய வேண்டும் என்று மனுக் கொடுத்தாள். யாரோ சங்கத்துக்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பது என்பார்களே, அது. பதிந்துவிட்டால் தோப்பு எனக்குப் பெயருக்குத்தான்.

என் வக்கீல் கெட்டிக்காரர். அவர் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். சட்டத்தில் 'பயிர்' என்று இருக்கிறது. சவுக்கு பயிரா, மரமா? அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "தண்ணி ஊத்தி வளத்திருந்தா பயிரு. தானா வளந்திருந்தா மரம். மரம்னு ஆயிட்டா அந்த அம்மா வெறும் காவக்காரி. அதிகாரி நேர்ல வந்து பாக்கப்போறாரு. அங்க தண்ணிக்கு வழி இருக்கான்னுதான் பாப்பாரு."

தண்ணீருக்கு வழி இருந்தது. ஊற்று. எங்கள் கடற்கரையில் மணல்மேட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கும். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும், தண்ணீர் இளநீர் போல இருக்கும். காளியம்மாள் தோண்டிய ஊற்றுக்குழி தோப்பை ஒட்டி இருந்தது. பனைமட்டையால் படி, சரியாமல் இருக்கச் சவுக்கின் மெல்லிய மிலார்க் குச்சிகளால் தடுப்பு, குழியிலிருந்து தோப்புவரை பதினான்கு வருடம் குடம் சுமந்த கால்தடம். அதைப் பார்த்த எந்த அதிகாரியும் பயிர் என்றுதான் எழுதுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அதிகாரி வருவதாக இருந்தது இரண்டு முறை தள்ளிப்போயிற்று. கீழக்குப்பத்துக்குச் சாலை இல்லை. தார் முடிந்த இடத்திலிருந்து மூன்று மைல் மணல். அவர் கனத்த சரீரம். "வண்டி வந்தா நான் வர்றேன்" என்றார். ஒரு தரப்பின் வண்டியில் அதிகாரி வரலாமா என்று கேட்காதீர்கள். மணலில் நடந்து பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அடுத்த வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள். பள்ளிக்கு ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் துரைக்கண்ணுவின் பட்டறைக்கு வந்தேன்.

ஜீப் பழைய ராணுவ வண்டி. அப்பா ஏலத்தில் எடுத்தது. ஸ்டியரிங் இடது பக்கம். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள் உண்டு. ஒன்று முன்சக்கரத்துக்கும் இழுப்பு கொடுக்க, இன்னொன்று வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்ட. பத்து வருடமாக யாரும் தொடாததால் இரண்டும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. துரைக்கண்ணு நல்ல மெக்கானிக். இரண்டையும் கழற்றி, கிரீஸ் வைத்து, ஒரு விரலால் தள்ளினால் விழும்படி செய்து கொடுத்தான். அடிப்பக்கம் முழுவதும் கழிவு ஆயில் அடிக்கச் சொன்னேன், உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். காற்று வடிகட்டியைக் கழுவி எண்ணெய் மாற்றினோம், மணல் தூசி இஞ்சினுக்குள் போகக் கூடாது. ஃபேன் பெல்ட் புதிது. ரேடியேட்டருக்கு மாற்றுத் தண்ணீர் ஒரு டின்.

பிறகு, வண்டி புதைந்தால் எடுப்பதற்கான சாமான்கள். இவற்றில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். சக்கரத்துக்கு அடியில் போட ஆறடிப் பலகை இரண்டு. ஜாக்கி மணலுக்குள் இறங்காமல் இருக்க ஒரு கட்டை. சாக்கு நாலு. திரும்பக் காற்றடிக்கக் கைப்பம்பு. நீளக் காம்பு போட்ட மண்வெட்டி ஒன்று, புதிது, துரைக்கண்ணு தீட்டிக் கொடுத்தது. பலகை வண்டிக்கு வெளியே இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது. சாலையில் போகும்போது அதன் முனையில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், அது விதி. அந்தத் துணியைப் பற்றித்தான் நீங்கள் முதலில் கேட்டீர்கள். சொல்கிறேன், அதன் இடம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஓட்டம் பார்த்தேன். தார் முடிந்த இடத்தில் காற்றை இருபதுக்கு இறக்கினேன். அலை நனைத்த மணல் தரைபோல இருக்கும், அதில் மூன்று மைலும் சுகமாகப் போயிற்று. கஷ்டம் கடைசியில்தான். அலையோரத்திலிருந்து மணல்மேட்டில் ஏறி, மேட்டின் இடுக்கு வழியாகத் தோப்புக்கு இறங்க வேண்டும். அங்கே மணல் மாவுபோல இருக்கும். இரண்டாவது கியரில் வேகம் பிடித்து ஏறினேன். உச்சிக்கு வந்ததும் இடது பக்கம், என் கைக்கு நேராக, மணலில் ஒரு கம்பு நட்டிருந்தது. அதில் சிவப்புத் துணி. பிரேக்கை மிதித்தேன்.

மிதித்திருக்கக் கூடாது. மணலில் பிரேக் போட்டால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்துவிடும். மறுபடி எடுக்கப் பார்த்தால் சக்கரம் அங்கேயே சுற்றித் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். நான்கு சக்கரமும் அச்சுவரை இறங்கிவிட்டது.

குழியிலிருந்து காளியம்மாள் இடுப்பில் குடத்தோடு ஏறி வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கொடியப் பாத்து நின்னுட்டீங்களா சாமி? நல்லதாப் போச்சு. இன்னும் ரெண்டு பாகம் தூரம் வந்திருந்தீங்கன்னா கரை என் தலைமேல எறங்கியிருக்கும்."

அந்தக் கொடியைப் பற்றி அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குழிக்குள் ஆள் இறங்கினால் மேலே கொடி நடுவார்கள். கொடி இருந்தால் அந்தப் பக்கம் யாரும் நடக்க மாட்டார்கள், ஆடுமாட்டை விட மாட்டார்கள். ஏறி வந்ததும் பிடுங்கிவிடுவார்கள். அந்தக் குப்பத்தில் பச்சைப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். கொடி நட்டிருந்து கரை சரிந்திருந்தால் பார்த்தவன் போட்டதைப் போட்டபடி ஓடிவந்து தோண்ட வேண்டும். கொடி இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். அவள் கொடி, எலெக்‌ஷனில் மிஞ்சிய கட்சிக் கொடி. கறுப்புப் பாதி கிழிந்துபோய்ச் சிவப்பு மட்டும் இருந்தது. "ஆட்சி வந்ததுல எனக்கு இதுவாச்சும் கெடச்சுதே" என்றாள்.

ஒரு மணி நேரம் அவள் என் வண்டியைத் தோண்டினாள். கையால்தான். மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தேன், அது மணலுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாள். முழங்காலில் நின்று, நாய் தோண்டுவதுபோல இரண்டு கையாலும் வாரி வாரி ஒதுக்கினாள். நான் பலகையைத் தள்ளினேன். அவளுக்கு ஐம்பது வயது இருக்கும், மூச்சு வாங்கவில்லை.

"மணல்ல நடக்கையில பாதத்தப் பரத்தி வைக்கணும் சாமி. ஒங்க வண்டி குதிகால ஊணி நடக்குது."

சரியாகத்தான் சொன்னாள். காற்றை இருபதிலிருந்து பன்னிரண்டுக்கு இறக்கினேன். அதற்குப் பிறகு வண்டி ஒரு முறைகூடப் புதையவில்லை.

வண்டி வெளியே வந்ததும் குடத்திலிருந்து எனக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றினாள். குழி சரிந்தால் உள்ளே இருப்பவர் என்ன செய்வது என்று கேட்டேன். ஆசிரியர் புத்தி, எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்கு ஒரு முறை சின்ன வயதில் அப்படி ஆகியிருக்கிறது.

"அசையக் கூடாது சாமி. அசைஞ்சா மணலு இறுக்கும். ரெண்டு கையையும் மூஞ்சிக்கு முன்னால இப்புடிக் குமிச்சி வச்சிக்கிட்டு சும்மா இருக்கணும். மேல கொடி இருக்குல்ல. ஆளு வரும்."

அவள்மேல் எனக்கு நன்றி இல்லாமல் இல்லை. அன்றைக்கே சமாதானமாகப் பேசிப் பார்த்தேன். அதிகாரி வரும்போது ஊற்று குடிதண்ணீருக்கு மட்டும்தான் என்று சொல்லிவிடு, மூன்றில் ஒரு பங்கை அப்பா சொன்னபடியே நானும் தருகிறேன், தோப்பு என் பெயரில் இருக்கட்டும் என்றேன். இதைவிட நியாயமாக யாரும் பேச முடியாது.

"குடிக்கவும்தான், கன்னுக்கும்தான் சாமி. ஊத்துக்கிட்ட நின்னு பொய் சொன்னா ஊத்து வத்திப்போயிடும்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். எனக்குத்தான் கோபம் வந்தது. முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. என் தோப்பில் நின்றுகொண்டு என்னைப் பொய் சொல்லச் சொல்கிறவன் என்கிறாள்.

திங்களும் செவ்வாயும் மறுபடி ஓட்டம் பார்த்தேன். காலை எட்டு மணி. இரண்டு நாளும் நிற்காமல் போனேன். உச்சியில் ஏறி, கொடிக்கு நாலு முழம் வலதுபுறமாக ஒதுக்கி இறங்கி, தோப்பு ஓரமாக வளைத்து, அதே இடுக்கு வழியாகத் திரும்ப வேண்டும். வேகத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இரண்டு நாளும் அவள் குழிக்குள் இருந்தாள். இஞ்சின் சத்தம் கேட்டதும் உள்ளிருந்து கையை மட்டும் தூக்கி, போங்க போங்க என்று ஆட்டினாள். நான் ஒதுங்கிப் போவேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறார்கள் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை குடவாசலுக்குப் போன் போட்டு விஜயத்திடம் பேசினேன். என் மனைவி. வண்டி நன்றாக ஓடுகிறது என்று சொன்னேன். "வண்டி ஓடறது சரின்னா, அந்த ஊத்தை என்ன பண்ணப்போறேள்?" என்றாள். அவளை இதில் சேர்க்காதீர்கள். அவள் கேள்வி மட்டும்தான் கேட்டாள்.

புதன்கிழமை காலை வண்டியை எடுக்கும்போது என் மனத்தில் இருந்தது ஒன்றுதான். ஊற்றை மூடிவிடுவது. மண்வெட்டியால் மூட அரை நாள் ஆகும், யாராவது பார்ப்பார்கள். ஆனால் மணல்மேட்டில் ஓட்டப் பழகும் வண்டி ஒரு பக்கம் ஒதுங்கிக் கரை சரிந்துவிட்டது என்றால் யார் என்ன சொல்ல முடியும்? சொத்து என்னுடையது, குழி என் சொத்துக்குள் இருக்கிறது. இதுவரை நான் செய்ததில் சட்டவிரோதம் எதுவும் இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதல் நாள் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் அவள் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். உச்சியில் ஏறியபோது கொடி இருந்தது.

வண்டியை நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஞாயிற்றுக்கிழமையே பார்த்தாயிற்று. மறுநாள் அதிகாரி வருகிறார். அன்றைக்குப் போய் அச்சுவரை புதைந்து, மறுபடி அவளே வந்து தோண்ட வேண்டும். அந்த அவமானத்தை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது. ஒதுங்கிப் போயிருக்கலாம் என்பீர்கள். போயிருக்கலாம். மற்ற இரண்டு நாளும் கொடியிலிருந்து நாலு முழம் ஒதுங்கியதால், கரை எங்கே இருக்கிறது, வண்டி எங்கே போனால் சரியும், எங்கே போனால் வண்டியும் சேர்ந்து விழும் என்பதெல்லாம் எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. கொடி இல்லாவிட்டால் அந்த வெள்ளை மணலில் கரையைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. கொடியை ஒரு கை தூரத்தில் வைத்து ஓட்டினேன். ஸ்டியரிங் இடது பக்கம் என்று சொன்னேன் இல்லையா. வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இடது கையை நீட்டினேன். கம்பு கையோடு வந்துவிட்டது.

கரை சத்தமில்லாமல் இறங்கிற்று. உட்கார்ந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தவளை இடுப்புவரை மூடிற்று, பிறகு மார்புவரை. நிமிர்ந்து பார்த்தாள். கத்தவில்லை. இஞ்சின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, ஆனால் "கொடிய நட்டுட்டுப் போங்க சாமி" என்று சொன்னாள் என்று நினைக்கிறேன். நான் வேறு எதையோ தப்பாகக் கேட்டிருக்கலாம். அவள் என்மேல் கோபப்பட்ட மாதிரி தெரியவில்லை. கை தவறிவிட்டது என்று எண்ணியிருப்பாள்.

தோப்பு ஓரமாக வளைத்துத் திரும்பினேன். அதே இடுக்கு வழிதான், வேறு வழி கிடையாது. திரும்பி வரும்போது மறு கரையும் இறங்கிற்று.

அலையோரத்துக்கு வந்ததும் வண்டியைக் கடலைப் பார்த்து, சரிவில் நிறுத்தினேன். மணலில் நிறுத்துவதானால் சரிவில்தான் நிறுத்த வேண்டும், எடுக்கும்போது சுலபம். கையில் இருந்த கொடியைச் சீட்டுக்கு அடியில் வைத்தேன். இறங்கிப் பார்த்தால் முன்சக்கரம் ஒன்றில் டயர் ரிம்மை விட்டு நழுவப் பார்த்தது. காற்றில்லாத டயரை வேகமாகத் திருப்பினால் அப்படி ஆகும். அதே நிலையில் மூன்று மைல் ஓட்டினால் ட்யூப் கிழிந்துவிடும். அதனால் கைப்பம்பை எடுத்தேன். ஒரு டயருக்கு நூற்றிருபது அடி.

ஒரு டயர் முடிந்திருந்தது. காயாரோகணத்தின் கட்டுமரம் கரை சேர்ந்தது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"காளி ஊத்துல இருக்காளா சாமி?"

"கொடி இல்லையே" என்றேன்.

அவன் மணல்மேட்டுப் பக்கம் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான். இருநூறு கஜ தூரம். கொடி இல்லை.

"அப்ப ரேஷன் கடைக்குப் போயிருப்பா. இன்னிக்கி சக்கரை போடுறாங்கன்னா" என்றான். பிறகு என் கையிலிருந்து பம்பை வாங்கினான். "கொடுங்க சாமி, நீங்க என்னத்துக்கு வேர்க்க விறுவிறுக்க நிக்கிறீங்க. நான் அடிக்கிறேன்."

மீதி மூன்று டயருக்கும் அவன்தான் காற்றடித்தான். நான் அடிகளை எண்ணினேன். நான் அவனிடம் பொய் சொல்லவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவன் கேட்டதற்கு நான் சொன்ன பதில் உண்மை.

அன்று முழுவதும் அவளைத் தேடினார்கள். ஊற்று மூடியிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். கொடி இல்லாததால் யாரும் தோண்டவில்லை. மனு விஷயமாக நாகப்பட்டினம் போயிருப்பாள், வந்துவிடுவாள் என்று இருந்துவிட்டார்கள். வியாழக்கிழமை அதிகாரியைக் கூட்டிவந்தேன். வண்டி ஓடியதைப் பார்த்து அவர் அசந்துவிட்டார். மணல்மேட்டைத் தாண்டியபோதுகூட மடியில் இருந்த ஃபைல் நழுவவில்லை. தோப்பைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீருக்கு வழி எதுவும் தென்படவில்லை, மனுதாரர் ஆஜராகவில்லை என்று எழுதினார். மரம் என்று எழுதினார்.

துணிக்கு வருகிறேன். வியாழக்கிழமை காலை நாகப்பட்டினத்தில் நான் தங்கியிருந்த லாட்ஜிலிருந்து கிளம்பும்போதுதான் கவனித்தேன், பலகை முனையில் கட்டியிருந்த துணி எங்கோ விழுந்துவிட்டிருந்தது. அதிகாரியை ஏற்றிக்கொண்டு விதி மீறிப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. சீட்டுக்கு அடியில் சிவப்புத் துணி இருந்தது. கம்போடு அப்படியே பலகையோடு சேர்த்துக் கட்டினேன். அதைக் கடலில் எறிந்திருக்க வேண்டும் என்று உங்கள் ஏட்டு என்னிடம் தனியாகச் சொன்னார். கடல் எறிந்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து போடும், அவருக்குத் தெரியாது.

திரும்பும்போது காயாரோகணம் அலையோரத்தில் நின்றிருந்தான். வண்டி அவனைத் தாண்டியது. அவன் பலகையைப் பார்த்தான். துணி எல்லாம் ஒரே துணிதான், ஆனால் கம்பில் இருந்த முடிச்சு அவன் போட்டது. வலைக் கயிற்றில் போடும் முடிச்சு. "எங்க வூட்டுக் கொடி" என்று கத்திக்கொண்டு கொஞ்ச தூரம் பின்னால் ஓடிவந்தான். அதிகாரி, "யாரோ கூப்புடுறாங்களே, நிறுத்துங்க சார்" என்றார்.

"மணல்ல நிறுத்தக் கூடாதுங்க" என்றேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அவன் ஓடுவதை விட்டுவிட்டு, திரும்பி மணல்மேட்டை நோக்கிப் போனான்.

மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டார்கள் என்று சொன்னீர்கள். படத்தைக் காட்டினீர்கள். உட்கார்ந்த வாக்கில் இருந்தாள், இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் குவித்து வைத்திருந்தாள். எனக்குக் காட்டிய மாதிரியேதான். கைகளுக்குள் கொஞ்சம் இடம் இருந்தது, அவசரப்படாமல் மூச்சு விட்டிருந்தால் கால் மணி, இருபது நிமிஷம் தாங்கியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். அவள் அவசரப்படுகிறவள் இல்லை. ஆள் வரும் என்று இருந்திருப்பாள்.

டயருக்குக் காற்றடித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டீர்கள். முக்கால் மணி நேரம். இருநூறு கஜம் நடக்க மூன்று நிமிஷம் போதும் என்கிறீர்கள், கணக்குச் சரிதான். புதுசாகத் தீட்டிய மண்வெட்டி வண்டியிலேயே இருந்ததே, நீங்களும் அவள் புருஷனும் இரண்டு பேர் இருந்தீர்களே என்கிறீர்கள்.

இருந்தது. சாமான் பட்டியலில் நானே சொன்னேன். அதை நான் வைத்திருந்தது வண்டி புதைந்தால் தோண்டி எடுப்பதற்கு. வண்டி புதையவில்லை.